கொரிய மொழியில் களைப்பைச் சொல்வது எப்படி?



ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் நான் பேசிய இந்த விடயத்தை எழுத்திலும் தரும்படி சில நேயர்கள் கேட்டிருந்தீர்கள். வானொலியில் பத்து நிமிடம்தான் கிடைத்தது. பாதியை விழுங்கிவிட்டுத்தான் பேசினேன். இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வணிகம் படித்த கணக்காளன், மொழியியல் படித்தவன் அல்ல. ஐம்பது வயதுக்குப் பிறகு ஒரு புதிய மொழியில் தடக்கித் தடக்கி நடந்தவன் சொல்லும் கதை இது.

"கணக்கு எழுதுகிற ஆளுக்குக் கொரியன் எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குப் பதில் நியூ மோல்டனில் இருக்கிறது.

லண்டனின் தென்மேற்கில், கிங்ஸ்ரன் மாநகரப் பகுதிக்குள் இருக்கும் இந்த ஊரை நம்மவர்கள் பலருக்குத் தெரியும். ஐரோப்பாவில் கொரியர்கள் அதிகம் வாழும் இடங்களில் இது ஒன்று. சாம்சுங் நிறுவனத்தின் பிரித்தானிய அலுவலகம் ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. பின்னாளில் வட கொரியாவிலிருந்து தப்பி வந்து தஞ்சம் கேட்டவர்களும் இங்கே குடியேறினார்கள். அதே தெருக்களில்தான் நாமும் இருக்கிறோம். ஒரு கடையில் கிம்ச்சிப் போத்தல், நாலு கடை தள்ளி முருங்கைக்காய். ஆனால் இரண்டு கூட்டத்தாரும் பேசிக்கொள்வது குறைவு. பேசினாலும் அரைகுறை ஆங்கிலத்தில்தான்.

என்னிடம் கணக்குப் பார்க்க வருபவர்களில் ஒரு கொரிய அம்மா இருக்கிறார். உடுப்புகளை வெட்டித் திருத்திக் கொடுக்கும் சிறிய தையல் கடை வைத்திருக்கிறார். வயது எழுபதை நெருங்கும். சுயதொழில் செய்கிறவர்கள் வரிப் படிவம் அனுப்ப ஜனவரி 31 கடைசி நாள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் ஒரு பிஸ்கட் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளுடன் வந்து என் முன்னால் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்வார். "ஹிம்துரொயோ." களைப்பாக இருக்கிறது என்கிறார் என்று நானே நினைத்துக்கொள்வேன்.

என் மகள் கொரியத் தொலைக்காட்சி நாடகங்களை இரவிரவாகப் பார்க்கிறவள். அவளுடன் இருந்து நானும் ஒரு சொல் பிடித்தேன். அடுத்த ஜனவரியில் அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் பெருமையாக, "பிகொன்ஹே?" என்று கேட்டேன். களைப்பா என்று அர்த்தம். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கேட்டது, ஒரு பெரியவரிடம் போய், "என்னடி, களைச்சுப் போனியோ?" என்று கேட்டது போல ஆகிவிட்டதாம். அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். மத்திய லண்டனில் 2008இல் திறக்கப்பட்ட கொரிய கலாசார நிலையம் மொழி வகுப்புகள் நடத்துகிறது. நான் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். மீதியை அந்த அம்மாவிடமே கற்றேன். கடை முதலாளிகளைக் கொரியர் அழைப்பது போல, அவரை நான் இப்போது "ஸாஜங்நிம்" என்றுதான் அழைக்கிறேன்.

கேட்பவர் யார் என்பதே முதல் பாடம்

கொரிய மொழியில் "களைப்பாக இருக்கிறது" என்று சொல்ல முதல், யாருக்குச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். சிநேகிதனுக்கும் சின்னவர்களுக்கும் "பிகொன்ஹே". பெரியவர்களுக்கும் பழக்கம் குறைந்தவர்களுக்கும் "பிகொன்ஹேயோ". கூட்டத்திலோ அலுவலகத்திலோ முறைப்படி பேசும்போது "பிகொன்ஹம்னிதா". களைத்திருப்பது நான்தான். ஆனாலும் வினையின் வால் கேட்பவரின் மரியாதைக்கு ஏற்ப மாறுகிறது.

இது நமக்கு அவ்வளவு புதிதல்ல. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருப்பவர்கள் நாங்கள். தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்தில், "அசதியா இருக்குதுங்க" என்பார்கள். அசதி என்னுடையது, கடைசியில் வரும் அந்த "ங்க" உங்களுக்கு. கொரியரின் "யோ"வும் அதே வேலையைத்தான் செய்கிறது. எந்தப் படி என்று தெரியாவிட்டால் "யோ"வைச் சேர்த்துவிடுங்கள். என்னைப் போல் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

வசன அமைப்பும் நமக்குச் சாதகம். "இன்றைக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது" என்பது "ஒனுல் நொமு பிகொன்ஹேயோ". ஒனுல் என்றால் இன்று, நொமு என்றால் மிகவும். சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கு, வினை கடைசியில். "நான்" என்ற சொல்லும் தேவையில்லை. ஆங்கிலத்தில் நாங்கள் படித்த அளவு பாடு இதில் இல்லை.

தமிழ்க் காதுக்குப் பழகிய ஒலிகள்

கொரிய எழுத்தை மன்னர் செஜொங் 1443இல் ஆக்கி, 1446இல் மக்களுக்கு அறிவித்தார். இன்று வழக்கில் உள்ள அடிப்படை எழுத்துகள் 24. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஓர் அசையாக ஒரே கட்டத்துக்குள் எழுதுகிறார்கள். உயிர்மெய் எழுதிப் பழகிய கைக்கு இது விரைவில் பிடிபடும்.

ஒலியில் இரண்டு விடயங்கள் என்னைக் கவர்ந்தன. "படம்", "பட்டம்" இரண்டிலும் நாம் எழுதுவது ஒரே டகரம்தான், ஆனால் ஒலி வேறு. அதுபோலக் கொரியரின் ககர எழுத்தும் சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும், இரண்டு உயிருக்கு நடுவில் மென்மையாகவும் ஒலிக்கும். "பிகொன்" என்பதில் வருவது அந்த மெல்லிய ககரம். இரண்டாவது, "ஹிம்துரொயோ" என்பதில் "து"வில் இருக்கும் உகரம். வகுப்பில் இருந்த ஆங்கிலேயர்கள் அதற்கு வாயைக் கோணிக் கஷ்டப்பட்டார்கள். "காசு", "பாட்டு" என்று பேச்சுவழக்கில் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிவதில்லை. பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்தோமே, ஏறக்குறைய அதே ஒலிதான்.

நமக்குச் சிரமம் தருவது "பிகொன்" என்பதன் முதல் எழுத்து. அந்தப் பகரத்தோடு காற்று வெளியே வர வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லுங்கள். தாள் ஆடினால் சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொரியர்கள் அம்மாவை "ஒம்மா" என்றும் அப்பாவை "அப்பா" என்றும் அழைக்கிறார்கள். வயதானவர்கள் கதிரையில் இருக்கும்போதும் எழும்பும்போதும் "ஐகோ" என்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "அப்பனே முருகா" என்று இருப்பது போலத்தான். இதைக் கேட்டதும் கொரியன் தமிழிலிருந்து வந்தது என்று சொல்லத் தோன்றும். ஹோமர் ஹல்பேர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற குழந்தைச் சொற்கள் உலகின் பல மொழிகளிலும் ஒத்துப்போகின்றன. ஒற்றுமையை ரசிப்போம், உரிமை கோர வேண்டாம்.

எந்தக் களைப்பு?

இனித்தான் முக்கியமான பகுதி. ஆங்கிலத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "ரயர்ட்" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். கொரிய மொழியில் அது சரிவராது.

வேலை செய்தோ நித்திரை குறைந்தோ வரும் சாதாரண உடற்களைப்புக்கு "பிகொன்ஹேயோ". நித்திரை தூங்கினால் அது களைப்பல்ல, அதற்கு "ஜொல்லியொயோ". நாளெல்லாம் இழுபட்டு, இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலைக்கு "ஜிச்சொஸொயோ". இந்தக் கடைசிச் சொல்லைப் பெரும்பாலும் இறந்தகாலத்தில் சொல்கிறார்கள். நாமும் "களைச்சுப் போனன்" என்றுதானே சொல்கிறோம்? போனது களைப்பு அல்ல, ஆள்.

அளவுக்கு மீறி உழைத்து உடம்பெல்லாம் நொந்து, குளிரும் காய்ச்சலுமாக விழுந்தால் அது "மொம்ஸல்". மொம் என்றால் உடம்பு. இதை ஆங்கிலத்தில் சொல்ல எங்கள் ஆசிரியை படாத பாடு பட்டார். நான் மனதுக்குள் "உடம்பு உளைவு" என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

வேடிக்கையான ஒன்றும் உண்டு. முற்றாகத் துவண்டு போனவர், தான் "பாகிம்ச்சி" ஆகிவிட்டதாகச் சொல்வார். அது வெங்காயத்தாளில் போடும் கிம்ச்சி. விறைத்து நிற்கும் வெங்காயத்தாள் உப்பும் மிளகாயும் பட்டதும் சோர்ந்து சுருண்டுவிடும். "அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்று எங்கள் ஆட்கள் சொல்வதை அவர்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்துச் சொல்கிறார்கள்.

இப்போது ஸாஜங்நிம்மின் சொல்லுக்கு வருவோம். "ஹிம்துரொயோ." ஹிம் என்றால் பலம். அதோடு வரும் வினைக்கு உள்ளே போதல், செலவாதல் என்று பொருள். காசு செலவாகிறது என்பதற்கும் கொரியர் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பலம் செலவாகிறது! ஒரு கணக்காளனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? ஆனால் பொருளை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடல் களைப்புக்கும் இதைச் சொல்லலாம்தான். கூடுதலாகச் சொல்வது வாழ்க்கை பாரமாக இருக்கும்போது. கடன், தனிமை, வியாபார நட்டம், பிள்ளைகளின் பிரச்சினை எல்லாம் இதற்குள் அடங்கும். "ஏலாமக் கிடக்கு" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், அது உடம்பா மனமா என்று திருப்பிக் கேட்க வேண்டும் அல்லவா? அதே போலத்தான்.

அந்த அம்மா வருடக்கணக்காக என் முன்னால் உட்கார்ந்து சொன்னது இதைத்தான். கடை வாடகை ஏறிக்கொண்டே போனது, வருமானம் இறங்கிக்கொண்டே போனது. எண்கள் எல்லாம் நான் எழுதிய கணக்கிலேயே இருந்தன. அவர் வாய்விட்டுச் சொல்லியும், நான் "களைப்பு" என்று மொழிபெயர்த்துக்கொண்டு தேநீர் கொடுத்து அனுப்பினேன். பொருள் தெரிந்த பிறகு ஒரு நாள் மறித்துக் கேட்டேன். எதைக் குறைக்கலாம், எந்தச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருவரும் இருந்து பார்த்தோம். கடை இன்னும் நடக்கிறது.

உழைப்பின் களைப்பு கொரியாவில் அரசியல் விடயமும்கூட. வாரத்துக்கு 68 மணித்தியாலம் வரை வேலை வாங்க இடமிருந்ததை 2018இல் சட்டத்தைத் திருத்தி 52 ஆகக் குறைத்தார்கள். முதலில் பெரிய நிறுவனங்கள், பிறகு படிப்படியாகச் சிறியவை. வேலை முடிந்து பிரியும்போது ஒருவருக்கொருவர் "ஸுகொஹஷொஸும்னிதா" என்பார்கள். நீங்கள் பட்ட சிரமத்தைக் கண்டேன் என்பது போன்ற ஒரு வாழ்த்து. கணக்கு முடிந்ததும் அந்த அம்மா எனக்கு இதைச் சொல்வார். மூத்தவருக்கு இளையவர் இதைச் சொல்லலாமா என்று கொரியர்களே வாதாடுவதால், நான் திருப்பி "கம்ஸாஹம்னிதா", அதாவது நன்றி, என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்தவரின் களைப்பு

கொரிய மொழியில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பாடம் இது. என் களைப்பை நான் நேராகச் சொல்லலாம். இன்னொருவரின் களைப்பை அப்படி அடித்துச் சொல்வது வழக்கமில்லை. அது என் உடம்பல்லவே, எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே முன்னால் இருப்பவரிடம் "பிகொன்ஹஷிகெஸொயோ" என்கிறார்கள். நடுவில் வரும் "ஷி" மரியாதை, "கெஸ்" ஊகம். "களைச்சுப் போயிருப்பியள்" என்று வந்த விருந்தாளிக்குச் சொல்லித் தேத்தண்ணி நீட்டுவோமே, அதே அமைப்பு. அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லும்போதும், அவர் சிரமப்படுவதாகக் காட்டுகிறார் என்ற பொருள் வரும்படி வினையை நீட்டுவார்கள்.

இதை ஆசிரியை விளக்கிய மாலையில் எனக்குப் பாடம் ஓடவில்லை. என் அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

பத்து வருடங்களுக்கு மேலாகிறது. அம்மா எங்களோடு லண்டனில் இருந்தார். ஒரு நாள், "மேல ஏறினாக் களைக்குது தம்பி" என்றார். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பாளர். "ஷி இஸ் ரயர்ட்" என்றேன். வைத்தியர் பொறுமையானவர். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்றெல்லாம் கேட்டார். களைப்புக்கு என்னென்ன சோதிக்க வேண்டுமோ அவற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதினார். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு ஓர் இரவு அம்மாவால் நிமிர்ந்து படுக்கவே முடியவில்லை. அம்புலன்ஸ் வந்தது. இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

வைத்தியசாலையில் ஓர் இளம் வைத்தியர் என்னிடம், களைப்பா அல்லது மூச்சுத் திணறலா என்று பிரித்துக் கேட்டார். நான் திரும்பி, "அம்மா, களைக்குது எண்டு சொன்னது மூச்சு வாங்கிறதையோ?" என்றேன்.

"அதைத்தானே தம்பி அப்பவே சொன்னனான்" என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாததா? ஓடி வந்த பிள்ளை "களைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது என்றுதான் அர்த்தம். களைப்பு வேறு, களைக்கிறது வேறு. ஆனால் அந்த அறைக்குள் ஆங்கிலத்தில் முதலில் வாயில் வந்த சொல்லைப் போட்டேன். அம்மாவின் உடம்பைப் பற்றி அம்மா சொன்னதை எடுத்துவிட்டு, நான் நினைத்ததை வைத்தேன். அந்த வைத்தியரில் பிழை இல்லை. அவருக்குக் கொடுத்த பற்றுச்சீட்டே பிழையானது.

அம்மா தப்பினார். மாத்திரைகளோடு இன்னும் நாலு வருடம் எங்களுடன் இருந்தார்.

இந்தக் கதையை ஸாஜங்நிம்மிடம் சொன்னேன். அவர் தன் நெஞ்சில் கைவைத்து, "ஸுமி ச்சாயோ" என்றார். மூச்சு நிரம்பி நிற்கிறது, அதாவது மூச்சு முட்டுகிறது என்பதற்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது. பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "ஹிம்துஷொத்கெஸொயோ" என்றார். பலம் செலவாதல், மரியாதை, இறந்தகாலம், ஊகம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. தமிழில் சொன்னால், "நல்லாய்க் கஷ்டப்பட்டிருப்பியள்." நான் படித்த இலக்கணம் முழுவதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நேயர்களுக்கு என் வேண்டுகோள்

கொரியன் படிக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஆனால் இந்த மூன்றையும் மனதில் வைத்திருங்கள்.

ஒன்று, பெரியவர்களுக்காக வைத்தியரிடம் பேசப் போகிறவர்கள், வீட்டிலிருந்து புறப்பட முதலே கேளுங்கள். களைப்பா, அலுப்பா, உளைவா, தலைச்சுற்றா, மூச்சு வாங்குதா? படி ஏறும்போதா, படுக்கும்போதா? அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இரண்டு, இந்த நாட்டின் சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்தக் கதிரையில் இருத்த வேண்டாம். பாசம் வேறு, மொழிபெயர்ப்பு வேறு. காரணம் தெரியாமல் சில கிழமைகளாகக் களைப்பு நீடித்தால் "வயசுதானே" என்று தட்டிக்கழிக்காமல் வைத்தியரைப் பாருங்கள். இருந்தாற்போல் மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ ஒன்றையும் பார்த்துக்கொண்டிராமல் 999க்கு அழையுங்கள்.

மூன்று, பக்கத்துக் கடைக்காரர் தன் மொழியில் திரும்பத் திரும்ப ஒரு சொல்லைச் சொன்னால், ஒருநாள் அதன் பொருளைக் கேட்டுப் பாருங்கள்.

நியூ மோல்டன் பக்கம் போகிறவர்கள் கடையில் வேலை செய்யும் கொரியப் பெரியவர் ஒருவரிடம் "பிகொன்ஹஷிகெஸொயோ" என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்துக்குத் தாள் ஆட வேண்டும், மறக்க வேண்டாம். அவர் சிரித்தாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அடுத்த மாதம் வேறொரு பேச்சுடன் சந்திப்போம். இவ்வளவு நேரம் பொறுமையாக வாசித்த உங்களுக்கு, ஸுகொஹஷொஸும்னிதா.